மதினி மாற்றாத எண்ணெய்

என் அண்ணன் சாப்பிட்ட எண்ணெயை மாற்றியவள் நான். மதினி இல்லை.

இதை என் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மதினியிடமும் சொல்லவில்லை. அண்ணன் உயிரோடு இருந்தபோது அவரிடமும் வாய் திறக்கவில்லை... இப்போது முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். என் தைரியம் எவ்வளவு என்பது இதிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் ஊர் எம். புதுப்பட்டி. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்தாள். அண்ணன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அதே கம்பெனிக்குப் போனார். பிறகு போர்மேன் ஆனார். அவர் படிக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து என்னைப் படிக்க வைத்தார். மதுரையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்த அன்று, கம்பெனி முழுக்க மிட்டாய் கொடுத்தாராம். அண்ணனுக்கும் மதினிக்கும் பிள்ளை இல்லை. நான்தான் பிள்ளை என்று மதினி சொல்வாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாள்.

ரேஷன் பாமாயிலில் வளர்ந்த வீடு எங்களுடையது. ஆராய்ச்சி உதவித்தொகை முதன்முதலாகக் கைக்கு வந்தபோது நான் செய்த முதல் காரியம், விருதுநகரில் இறங்கி, செக்கில் நின்று, ஐந்து லிட்டர் கேன் நிறையக் கடலை எண்ணெய் வாங்கியதுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டியில் வேறு எண்ணெய் விழவில்லை. கார்டுக்குக் கிடைக்கிற பாமாயிலை அம்மா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். ஊருக்கு வரும்போதெல்லாம் விருதுநகரில் இறங்கி எண்ணெய் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ் பிடிப்பது என் வழக்கமாயிற்று. அண்ணனுக்கு அதில் அவ்வளவு பெருமை. மத்தியானச் சாப்பாட்டில் தூக்குவாளியைத் திறக்கும்போதே, "தங்கச்சி வாங்கிட்டு வந்த எண்ணெய்" என்று சொல்லிக்கொள்வாராம்.

ஓர் ஆடி மாதத்தில் அண்ணனுக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்தது. அவர் குடிக்காத மனிதர். காமாலைக் கிருமி ஒன்று பல வருஷமாக ஈரலில் குடியிருந்திருக்கிறது என்றார் டாக்டர். அறுவை சிகிச்சைக்கு வழியில்லை, மாத்திரை கொடுக்கலாம், வளர்ச்சியைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம். வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியதாக அவர் சொன்னது ஒன்றே ஒன்று. நன்றாகச் சாப்பிட வேண்டும், எடை குறையக் கூடாது.

என் ஆராய்ச்சி என்ன தெரியுமா உங்களுக்கு? ஈரல் புற்றுநோய்தான்!

"சாமிதான் உன்னை இந்தப் படிப்பு படிக்க வச்சிருக்கு தாயி. அண்ணனைக் காப்பாத்தத்தான்" என்றாள் அம்மா. நான் சிரித்து மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. எனக்குள்ளும் அந்த எண்ணம் எப்போதோ வந்து உட்கார்ந்திருந்தது.

நான் செய்துகொண்டிருந்ததை எளிமையாகச் சொல்கிறேன். ஈரலில் கட்டி வேகமாக வளரும். ரத்தக் குழாய்கள் அதே வேகத்தில் வளராது. அதனால் கட்டியின் நடுவில் இருக்கும் செல்களுக்கு ஆக்சிஜன் போதாது. அந்த மூச்சுமுட்டலிலும் அவை சாவதில்லை. எப்படிப் பிழைக்கின்றன என்பதுதான் கேள்வி. இதற்காகவே ஆக்சிஜனைக் குறைத்து வைத்த ஒரு பெட்டி எங்களிடம் உண்டு. ஈரல் புற்றுநோய் செல்களைத் தட்டில் வளர்த்து அந்தப் பெட்டிக்குள் வைப்போம். பிறகு, நாம் சாப்பிடும் கொழுப்பில் உள்ள அமிலங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்போம்.

பாமாயிலில் நிறைய இருப்பது பால்மிடிக் அமிலம். கெட்டியான கொழுப்பு. கடலை எண்ணெயில் நிறைய இருப்பது ஒலியிக் அமிலம். இளக்கமான கொழுப்பு. செல்லின் மேல்தோலுக்கு இளக்கமான கொழுப்பும் வேண்டும். கெட்டியானதை இளக்கமாக மாற்றிக்கொள்ள செல்லுக்குத் தெரியும். ஆனால் அந்த வேலைக்கு ஆக்சிஜன் தேவை. பெட்டிக்குள் அது போதாது. ஆகவே பால்மிடிக் அமிலம் கொடுத்த தட்டில் செல்கள் அதைத் தாங்க முடியாமல் செத்தன. கூடவே கொஞ்சம் ஒலியிக் அமிலம் கொடுத்த தட்டில்... பிழைத்துக்கொண்டன.

மறுபடி செய்தேன். மறுபடியும் அதே முடிவு. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி நான் நினைத்தது செல்களைப் பற்றி இல்லை. விருதுநகரிலிருந்து நான் மாதாமாதம் சுமந்து போன கேனைப் பற்றி.

கட்டிக்குத் தீனி போட்டவள் நானா?

இந்தக் கேள்வி வந்த பிறகு அடுத்த முறை ஊருக்குப் புறப்பட்டபோது விருதுநகரில் செக்குக்குப் போகவில்லை. மதுரையிலேயே ஒரு கடையில் பாமாயில் பாக்கெட்டுகளை வாங்கினேன். விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதே கேனில் ஊற்றினேன். கேனை எப்போதும்போல மதினியிடம் கொடுத்தேன்.

முட்டாள்தனம் என்கிறீர்களா? முட்டாளாக இருந்திருந்தால் மன்னிக்கலாம். நான் தெரிந்தவள்! தட்டில் நான் ஊற்றியது தனித்துப் பிரித்த அமிலம். பாமாயில் அப்படி இல்லை. அதில் பால்மிடிக் அமிலம் இருக்கும் அளவுக்கு ஏறக்குறைய ஒலியிக் அமிலமும் இருக்கிறது. அதாவது கொல்வதும் காப்பதும் ஒரே பாக்கெட்டில் இருக்கிறது. அதுபோக, வயிற்றில் போன எண்ணெய் அப்படியே கட்டிக்குப் போய்ச் சேருவதும் இல்லை. உடம்பு தன் விருப்பப்படி கொழுப்பைச் செய்துகொள்ளும், சேர்த்து வைக்கும், அனுப்பும். இதெல்லாம் எனக்குப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் ஊற்றினேன்... பயந்தவளுக்கு ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மதினி என்னிடம், "ஏன் செல்வி, இந்தத் தடவ எண்ணெயில வாசமே இல்லையே?" என்றாள்.

"செக்குல புதுசா வடிகட்டி மெஷின் வச்சிருக்காங்க மதினி. வடிகட்டினா அப்படித்தான் இருக்கும்."

"அதான பாத்தேன். சரி சரி, கசடு இல்லாம இருந்தா உங்க அண்ணனுக்கு நல்லதுதான்."

என் வாயிலிருந்து அந்தப் பொய் எவ்வளவு லாவகமாக வந்தது! படித்த பிள்ளை சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள் எங்கள் வீட்டில்? அடுத்தடுத்த மாதங்களிலும் அதே கேனில் பாமாயில்தான் போயிற்று.

தீபாவளி முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி வளரவில்லை. இருந்தபடியே இருந்தது. டாக்டர் மாத்திரை வேலை செய்கிறது என்றார். அம்மா நேர்த்திக்கடன் என்றாள். நான் மட்டும் மருத்துவமனையின் வராந்தாவில் நின்று அந்தப் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு மகிழ்ச்சி இரண்டு விதமாக வந்தது. அண்ணன் பிழைப்பார் என்பது ஒன்று. என் தட்டு சொன்னது சரி என்பது இன்னொன்று. எது முதலில் வந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை... அந்த நொடியில் என் கூடப்பிறந்தவரை நான் ஒரு தட்டாகப் பார்த்தேன். அதுதான் என் குற்றம். எண்ணெய் அதற்குப் பிறகுதான்.

மார்கழி வந்தது. அந்த வருஷம் எங்கள் பக்கத்திலும் விடியற்காலையில் நல்ல குளிர். ஒருநாள் காலையில் தாளிப்பதற்காக அம்மா கேனைச் சாய்த்திருக்கிறாள். எண்ணெய் வரவில்லை. அடியில் வெள்ளையாக, கட்டியாக உறைந்து கிடந்தது. ரேஷன் கார்டு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் இதற்கு விளக்கம் தேவையில்லை. குளிரில் இப்படி உறைவது பாமாயில்.

நான் அன்று ஊரில்தான் இருந்தேன். சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். அம்மா கேனைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் மதினிக்கு எதிரே நின்றாள்.

"ஏம்மா மாரி, என் மகன் உசுருக்குப் போராடிக்கிட்டு கெடக்கான். அவனுக்கு வாங்கிட்டு வந்த எண்ணெய எங்கன கொண்டு போன?"

மதினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கார்த்திகையில்தான் ஆமத்தூரில் மதினியின் தம்பிக்குக் கல்யாணம் நடந்திருந்தது. கல்யாணச் சமையலுக்குச் செக்கு எண்ணெய் போயிருக்கிறது, அதற்குப் பதில் பாமாயில் வந்திருக்கிறது. கணக்கு அவ்வளவு எளிதாக நேராயிற்று. நான்தான் மாற்றியிருப்பேன் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அண்ணனுக்காகச் செக்கில் கால்கடுக்க நின்று வாங்கி வருகிறவள் நான்.

"இல்ல அத்தை. எண்ணெயில வாசம் இல்லன்னு அன்னைக்கே நான் செல்விகிட்டச் சொன்னேன். கேளுங்க" என்றாள் மதினி. என்னைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். கட்டிலிலிருந்து எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணனும் என்னைப் பார்த்தார்.

"சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல மதினி" என்றேன்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால் அண்ணன் உடனே பழைய எண்ணெய்க்குத் திரும்பிவிடுவார், கட்டி மறுபடி வளரும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதி வெறும் பயம். தங்கச்சி என்னை வைத்துப் பரீட்சை பார்த்தாள் என்று அண்ணனுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்.

எங்கள் ஊரில் இப்படி ஒரு பேச்சு வந்தால் தீர்ப்பதற்கு ஒரு வழி உண்டு. கோயில் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, சத்தியம் சொல்லி, எரிகிற சூடத்தைக் கையால் அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவர் வீட்டில் மூன்று பிறை பார்ப்பதற்குள் கேடு வரும் என்பார்கள். "சூடம் அணைப்பியா?" என்று கேட்டாள் அம்மா. மதினி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு முன்னால் நடந்தாள்.

அம்மன் கோயில் வாசலில் நாங்கள் மூன்று பேர். பூசாரி சூடத்தை ஏற்றிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். மதினி சொன்னாள்: "நான் எண்ணெய மாத்தல. எங்க ஆத்தா வீட்டுக்கு ஒரு சொட்டு போகல. அப்படிப் போயிருந்தா என் தாலி என் கழுத்துல நிக்காது."

தாலியைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அம்மாகூடத் திடுக்கிட்டுப் போனாள். மதினிக்கு அதைச் சொல்வதில் என்ன பயம்? அவள் சொன்னது உண்மை. உள்ளங்கையை வைத்து நெருப்பை அணைத்தாள். நான் அவளுக்கு இரண்டடி பின்னால் நின்றேன். சூடமாவது, சத்தியமாவது, இதெல்லாம் சும்மா என்று அறிவியல் படித்தவளாக மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சும்மா என்றால் அந்தக் கையை ஏன் நான் பிடித்து இழுக்கவில்லை?

அன்றோடு விட்டேனா? இல்லை... இன்னும் கேளுங்கள். புது எண்ணெய் வாங்கிவர என்னைத்தான் அனுப்பினார்கள். விருதுநகரில் இறங்கினேன். செக்குக்குப் போனேன். பாதிக் கேனுக்குக் கடலை எண்ணெய் வாங்கினேன். மீதிப் பாதியில் பாமாயிலைக் கலந்தேன்! இந்த முறை வாசம் இருக்கும், குளிருக்கும் அவ்வளவாக உறையாது. அந்த ஸ்கேன் படம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. பாமாயிலைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

சத்தியம் செய்த பிறகும் அண்ணன் மதினியை நம்பவில்லை. சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. அவள் கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தட்டைக் கொண்டுவந்து வைத்தால் பசியில்லை என்பார். அம்மா சமைத்து வைத்தாலும் ஒப்புக்கு இரண்டு வாய்தான். கண்ணெதிரே இளைத்தார். எடை குறையக் கூடாது என்று டாக்டர் சொன்ன மனிதர்.

நான் விடுமுறை போட்டு வீட்டில் தங்கினேன். நான் சமைத்தேன். கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கிப் போட்டேன். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். கொஞ்சம் சாதம் கேட்டும் வாங்கினார்.

"இதுதான் தாயி நம்ம எண்ணெய். ஒரு வாய் வச்சதும் தெரியுதுல்ல" என்றார்.

அடுப்படியில் மதினி நின்றிருந்தாள். கேட்டிருப்பாள். அந்த நிமிஷம் நான் பேசியிருக்க வேண்டும். அண்ணே, இதிலும் பாதி பாமாயில்தான், கலந்தவள் நான்தான், மதினி ஒரு தப்பும் செய்யவில்லை என்று. வாயைத் திறந்தும்விட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்... "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவாண்ணே?" என்று கேட்டேன்.

தைப் பொங்கலுக்குப் பிறகு அண்ணனுக்கு வயிற்றில் நீர் கோத்தது. அடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தது. மாத்திரை கொஞ்ச காலம்தான் பிடித்து வைக்கும் என்று டாக்டர் முதலிலேயே சொன்னதுதான். மாசியில் அண்ணன் போய்விட்டார். கடைசிவரை மதினி கையால் ஒரு வாய் வாங்கிக்கொள்ளவில்லை.

மதினி கழுத்தில் தாலி நிற்கவில்லை.

அதற்கு மேல் அம்மாவுக்கு என்ன சாட்சி வேண்டும்? ஊருக்கு என்ன சாட்சி வேண்டும்? "சாமி முன்னாடி பொய் சொன்னா சும்மா விடுமா? எம்புட்டு நெஞ்சழுத்தம் இருந்தா தாலியச் சொல்லுவா" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள் அம்மா. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மதினியை ஆமத்தூருக்கு அனுப்பிவிட்டாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தவள் நான்தான். மதினி என் கன்னத்தைத் தடவி, "படிப்ப விட்டுராத. உங்க அண்ணன் ஆசை" என்றாள்.

என் ஆராய்ச்சி நன்றாகவே போகிறது. தட்டில் வந்த முடிவு பொய்யில்லை. எத்தனை முறை செய்தாலும் ஆக்சிஜன் குறைந்த பெட்டிக்குள் அந்தச் செல்கள் அப்படித்தான் சாகின்றன, அப்படித்தான் பிழைக்கின்றன. தட்டு தட்டைப் பற்றி மட்டும்தான் சொன்னது. என் அண்ணனைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. கடலை எண்ணெய் அவர் கட்டியை வளர்த்ததா? பாமாயில் கொஞ்ச நாளாவது தடுத்ததா? இரண்டும் ஒன்றும் செய்யவில்லையா? யாராலும் சொல்ல முடியாது. நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. அவர் சாப்பிடாமல் இளைத்ததற்கும், பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டுக்கொண்டே செத்ததற்கும் காரணம் அந்தக் கேன்.

கையுறையை மாட்டிக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் கைவிடும்போதெல்லாம் எனக்கு மூச்சு அடைக்கிறது. வேலையை விட்டுவிடலாம். விட்டால் ஏன் என்று கேட்பார்கள். மதினி முதலில் கேட்பாள்.

சொல்லிவிடேன் என்கிறீர்கள். யாரிடம்? அம்மாவுக்கு மிச்சம் இருப்பவள் நான் ஒருத்தி. மகனும் போய், மருமகளை அநியாயமாக விரட்டிய பாவமும் தன் தலையில் விழுந்து, அதற்குக் காரணம் மகள்தான் என்றும் தெரிந்தால் அவள் தாங்குவாளா? இப்படிச் சொல்லிக்கொள்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது கேட்பதற்கு! கோழைகளுக்கு எப்போதும் வேறு யாராவது ஒருவருடைய மனசு நொந்துபோகும் என்ற கவலை இருக்கும்.

போன மாதம் ஆமத்தூருக்குப் போனேன். மதினி இப்போது அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் சுருட்டுகிறாள். சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை, அதனால் வேலை இல்லை. சுவரோடு சாய்த்து இறக்கிய ஒரு பத்தி வீட்டில் தனியாக இருக்கிறாள். பொய்ச் சத்தியம் செய்தவளைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவள் தம்பி பெண்டாட்டி பயப்படுகிறாளாம்.

மதினியே பேச்சை எடுத்தாள்.

"மத்தியானம் எல்லாரும் குழம்பு மாத்திக்கிட்டுச் சாப்பிடுவோம்ல, என் வாளியில மட்டும் யாரும் கை வைக்க மாட்டாக. எனக்கு அது பழகிப் போச்சு செல்வி. ஆனா ஒண்ணு மட்டும் உங்கிட்டக் கேக்கணும். நீ படிச்ச பிள்ளை."

"கேளுங்க மதினி."

"நான் மாத்தலங்கிறது சத்தியம். ஆனா அந்தச் சமயத்துல எனக்குப் புத்தியே நிலையில இல்ல. ஒருவேள பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வச்சிருந்த பாமாயில நானே தெரியாம அதுல ஊத்திட்டேனோ? நானே செஞ்சுட்டு நானே சத்தியமும் பண்ணிட்டேனோ? அதனாலதான் அவுக..."

பாருங்கள்! அவள் செய்யாததை அவளே நம்பத் தொடங்கிவிட்டாள்.

"இல்ல மதினி. எண்ணெயால அண்ணன் சாகல. பாமாயில எல்லா வீட்லயும்தான் சாப்பிடுறாங்க. நோய் முத்திருச்சு, அவ்வளவுதான். நீங்க ஒண்ணும் பண்ணல."

பொய் என்று அதில் எதையும் சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டது ஒன்றுதான். மதினி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "நீ ஒருத்தி என்னை நம்புற. அது போதும் எனக்கு" என்றாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். மாவை வார்த்தாள். வார்த்துவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தையும் கரண்டியையும் என் பக்கம் தள்ளினாள்.

"எண்ணெய மட்டும் நீ ஊத்து செல்வி. அடுத்தவுகளுக்குச் சமைக்கிறப்ப நான் இதைத் தொடுறதில்ல. உன் கையால ஊத்தினதத்தான் அவுகளும் நம்பிச் சாப்பிட்டாக."

கரண்டியை வாங்கினேன். தோசையைச் சுற்றி எண்ணெய் ஊற்றினேன்.